பின் செத்துடுச்சா, தூங்குதா? ஜகதீஷ் சந்திர போஸின் கதை

எந்த இன்ஜினியரிங் காலேஜ் லேபுக்குப் போனாலும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே நாலைந்து ராஸ்பெர்ரி பை, சில ஆர்டுயினோ, கருகிப்போன மோட்டார் டிரைவர். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். போர்டு செத்துடுச்சு. எப்படிச் செத்தது, முழுசா செத்ததா, இல்லை ஒரே ஒரு பின் மட்டும் போச்சா என்று யாரும் கேட்பதில்லை. ரிவ்யூவுக்கு மூணு நாள் இருக்கும்போது யார் போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க? புதுசு ஆர்டர் போட்டுடுவோம்.

செத்துடுச்சு, தூங்குது, மக்கர் பண்ணுது, சூடாயிடுச்சு. மெஷினைப் பற்றிப் பேசும்போது நாம எல்லாரும் உயிருள்ள ஒன்றைப் பற்றிப் பேசுற மாதிரிதான் பேசுறோம். சுமார் 125 வருஷத்துக்கு முன்னாடி கல்கத்தாவில் ஒரு இயற்பியல் பேராசிரியர் இந்தப் பேச்சை சீரியஸாக எடுத்துக்கொண்டார். ஒரு உலோகத் துண்டு களைத்துப்போகுமா, ஓய்வு கொடுத்தால் தேறுமா, விஷம் வைத்தால் அடங்குமா என்று கால்வனோமீட்டரை வைத்து அளந்தே பார்த்தார். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.

ஸ்கூல் புத்தகத்தில் இவருக்கு ஒரு வரிதான். தாவரங்களுக்கும் உணர்வு உண்டு என்று காட்டியவர். ஒரு மார்க் கேள்வி, முடிஞ்சது. ஆனால் செடி பக்கம் போவதற்கு முன்னால் அவர் நம்ம ஆள், அதாவது எலக்ட்ரானிக்ஸ் ஆள். மல்டிமீட்டரை டையோடு மோடில் வைத்து ஒரு பின்னைச் சோதிக்கும்போது அதற்குப் பின்னால் இருக்கிற யோசனையை ஆரம்பத்திலேயே கையில் எடுத்தவர்களில் ஒருவர். நம்மில் பாதிப் பேர் அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு டெஸ்ட் ஸ்டேஷன் முன்னால் நிற்கப் போறோம். அதற்கு முன்னால் இவரைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

வங்காளி மீடியம் பையன்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, மைமன்சிங்கில். இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் துணை மாஜிஸ்திரேட். அந்த மாதிரி வீட்டுப் பையன்கள் நேராக இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போவதுதான் வழக்கம். அப்பா மட்டும் பிடிவாதமாக மகனை ஊரில் இருந்த வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் சேவகருடைய மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். நடுவில் மாஜிஸ்திரேட் மகன். அவர்கள் சொன்ன பறவை, மிருகம், ஆற்று ஜீவன்களின் கதைகளிலிருந்துதான் தனக்கு இயற்கையின் மேல் ஆசை வந்தது என்று பிற்காலத்தில் போஸ் ஒரு கூட்டத்தில் நினைவுகூர்ந்தார். எல்.கே.ஜி-யிலிருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நம்ம மாதிரி ஆட்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

அப்புறம் கல்கத்தா. ஹேர் ஸ்கூல், செயின்ட் சேவியர்ஸ். அங்கே லாஃபோன் என்ற ஜெஸ்யூட் பாதிரியார் இயற்பியலைச் செய்முறையாகக் காட்டுவதில் பேர் போனவர். 1879-ல் பி.ஏ. முடித்த போஸ், 1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிடாத காய்ச்சல், பிரேதப் பரிசோதனை அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் காலேஜுக்கு மாறினார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ராலே. ஒளி ஏன் சிதறுகிறது, வானம் ஏன் நீலம் என்று விளக்கினாரே, அதே ராலே பிரபு.

மூணு வருஷம் சம்பளம் வேண்டாம்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரே வேலை பார்த்தாலும் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் பண்ணவில்லை. வகுப்புக்கு ஒழுங்காகப் போனார், பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாசம் இல்லை, மூணு வருஷம். அப்போது அப்பா கடனில் மூழ்கியிருந்தார். 1887-ல் கல்யாணமும் ஆனது. வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்திருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, விட்டுப்போன மூணு வருஷத்துக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

மனைவி அபலா பற்றி ஒரு விஷயம் நமக்கு நெருக்கமானது. டாக்டருக்குப் படிக்க அவர் வந்தது மெட்ராஸுக்கு. வங்காள அரசின் ஸ்காலர்ஷிப்பில் 1882-ல் இங்கே வந்து படித்தார். உடல்நிலை காரணமாக முடிக்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் பெண்கள் கல்விக்காக வங்காளத்தில் பெரிய அளவில் வேலை செய்தவர் அவர்.

24 சதுர அடி லேப்

1894 நவம்பரில் போஸுக்கு 36 வயது. அதுவரை பாடம் நடத்துவதுதான் வேலை. இனிமேல் ஆராய்ச்சி என்று முடிவு பண்ணினார். காலேஜில் அதற்கு லேப் கிடையாது. குளியலறைக்குப் பக்கத்தில் சுமார் 24 சதுர அடியில் ஒரு சின்ன இடம். நம்ம ஹாஸ்டல் கட்டில் போட்டாலே இடம் முடிஞ்சுடும். கருவி வாங்கக் காசு இல்லை. பயிற்சி எதுவும் இல்லாத ஒரு தகர வேலைக்காரரைப் பிடித்து, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, தனக்கு வேண்டியதைச் செய்ய வைத்தார்.

அவர் எடுத்துக்கொண்டது மின்காந்த அலைகள். ஹெர்ட்ஸ் அவற்றை உண்டாக்கிக் காட்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அலைநீளம் பெரிசாக இருந்தால் லென்ஸ், பிரிசம் எல்லாமே ராட்சச சைஸில் வேண்டும். எனவே அலையைச் சின்னதாக்கினார். 5 மில்லிமீட்டர் வரை. இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம 5ஜி-யில் மில்லிமீட்டர் அலை என்று இப்போது பேசுவது அதே குடும்பம்தான்.

அலையை முனைவாக்கம் செய்ய அவர் என்னவெல்லாம் பயன்படுத்தினார் தெரியுமா? முறுக்கின சணல். அப்புறம் ஒரு ரயில்வே டைம்டேபிள் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் உலோகத்தாள் செருகினது. கூம்பு மாதிரி விரிகிற ஹார்ன் ஆன்டெனாவையும் அப்போதே பயன்படுத்தியிருக்கிறார். கல்கத்தா டவுன் ஹாலில் எல்லோர் முன்னாலும், கம்பி எதுவும் இல்லாமல் சுவரைத் தாண்டி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. கொடுத்தது. 1897 ஜனவரி 29-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தன் கருவிகளைக் கொண்டுபோய் செய்து காட்டினார்.

பிரச்சினை டிடெக்டரில்தான்

அலையை உண்டாக்குவது ஒரு வேலை. வந்து சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பது வேற வேலை. அந்தக் காலத்து டிடெக்டரின் பெயர் கோஹியரர். கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள். அலை வந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்தடை குறையும். மறுபடி வேலை செய்ய வைக்கணும்னா குழாயைத் தட்டணும். டிவி ரிமோட்டைத் தட்டுற மாதிரி. சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. வங்காளத்தின் புழுக்கத்தில் இன்னும் மோசம், உலோகம் துருப்பிடிக்கும்.

போஸ் தூளை எடுத்துவிட்டு, ஒன்றையொன்று தொடுகிற ஸ்ப்ரிங்குகளை வைத்தார். அப்புறம் ஒரே ஒரு தொடுபுள்ளி. அப்புறம் இரும்பு, பாதரசம். தட்டாமலே தானாக மீளும் கோஹியரர் பற்றி 1899-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்தார். 1901-ல் அட்லாண்டிக் தாண்டி வந்த சிக்னலை மார்க்கோனி பிடித்த டிடெக்டரின் மூலம் இதுதான் என்று 1998-ல் ஒரு ஐ.ஈ.ஈ.ஈ. ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. அந்த விவாதம் பெரிசு, அதற்குள் போக வேண்டாம்.

நமக்கு முக்கியமானது வேற. ஒரு தொடுபுள்ளி நல்லா இருக்கா இல்லையா என்று போஸ் எப்படிப் பார்த்தார்? வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார், ஒவ்வொரு தடவையும் கரன்ட் எவ்வளவு என்று குறித்தார், கிராஃப் வரைந்தார். நேர்கோடு வரவில்லை. ஒரு அளவு வரை கரன்ட் கிட்டத்தட்ட இல்லை, அதற்குமேல் விறுவிறு என்று ஏறுகிறது. அவருடைய ஒரு இரும்புத் தொடுபுள்ளிக்கு அந்த முழங்கால் வளைவு சுமார் 0.45 வோல்ட்டில் வந்தது. செகண்ட் இயர் டிவைசஸ் லேபில் நாம் வரைந்த டையோடு கிராஃபை ஞாபகப்படுத்திப் பாருங்க. அதே முகம்.

பிறகு கலீனா என்ற ஈயச் சல்ஃபைடு கல்லுக்கு வந்தார். இந்த மாதிரி கற்களில் மின்சாரம் ஒரு திசையில் மட்டும் நன்றாகப் போகும் என்பதை ஜெர்மனியின் பிரவுன் 1874-லேயே கண்டிருந்தார். அதை அலை பிடிக்கிற டிடெக்டராக்கியது போஸ். 1901-ல் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29-ல் அமெரிக்கக் காப்புரிமை 7,55,840 கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமையாக இன்று அதைச் சொல்கிறார்கள்.

ஆனால் காப்புரிமை எடுக்க அவருக்கு இஷ்டமே இல்லை. அறிவை விற்கக்கூடாது என்பது கொள்கை. தந்தி கம்பெனி முதலாளி ஒருவர் பெரிய ஆஃபரோடு தேடி வந்தபோதும் திருப்பி அனுப்பினார். இந்த ஒன்றை எடுக்க வைத்தவர்கள் அவருடைய நண்பர்கள், சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் சகோதரி நிவேதிதாவும். நம்ம பாரதியார் குருவாக ஏற்றுக்கொண்ட அதே நிவேதிதாதான். போஸின் புத்தகங்களை எழுதி முடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவரும் அவர்.

அதே வளைவு, நம்ம பின்னில்

இப்போ ராஸ்பெர்ரி பைக்கு வருவோம். 40 பின் ஹெடரில் 28 ஜிபிஐஓ பின்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே, சிப்பில், பாதுகாப்பு டையோடுகள் இருக்கும். ஒன்று கிரவுண்டிலிருந்து பின்னுக்கு. பெரும்பாலும் இன்னொன்று பின்னிலிருந்து 3.3 வோல்ட் சப்ளைக்கு. ஸ்டாட்டிக் அடித்தால் அதை ஓரமாகத் திருப்பிவிடுவதற்காக. ஆனால் அது ஒரு கணம் தாங்கும், நிமிஷக்கணக்கில் தாங்காது. எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் கொடுக்கும். அதை நேராக 3.3 வோல்ட் பின்னில் மாட்டினால் என்ன ஆகும் என்று இப்போது புரியும். நடுவில் ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்கணும்.

பின் போச்சா இல்லையா என்று பார்க்க நாலு படி இருக்கு.

முதல் படி, பவர் இல்லாமல். எல்லா ஒயரையும் கழற்றிடுங்க. மல்டிமீட்டரை டையோடு மோடில் வைங்க. சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை ஒவ்வொரு ஜிபிஐஓ பின்னிலும். தலைகீழா இருக்கேன்னு நினைக்காதீங்க, அந்தப் பாதுகாப்பு டையோடு வழியாகத்தான் கரன்ட் போகணும். நல்ல பின் பொதுவாக 0.5-லிருந்து 0.7 வோல்ட் வரை காட்டும். போர்டுக்கு போர்டு மாறும், அதனால் எண்ணை நம்பாதீங்க, பக்கத்துப் பின்னோடு ஒப்பிடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்க, ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஷார்ட். ஓ.எல். என்று வந்தால் உள்ளே இணைப்பு அறுந்திருக்கு. ஜிபிஐஓ 2, 3 இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் இருப்பதால் அவை கொஞ்சம் வேற மாதிரி காட்டலாம்.

இரண்டாவது படி, பவர் கொடுத்து, இன்புட்டாக. வெளியே எதுவும் மாட்டாமல் உள் புல்-அப் போட்டால் 1 வரணும், புல்-டவுன் போட்டால் 0 வரணும். 2, 3 பின்களில் புல்-டவுன் போட்டாலும் 1-தான் வரும், அது கோளாறு இல்லை. பை-ஜிபிஐஓ நூலகத்தோடு வரும் ஜிபிஐஓ-டெஸ்ட் இதையெல்லாம் வரிசையாகப் பண்ணி எது ஃபெயில் என்று சொல்லும். அதுவும் அந்த ரெண்டு பின்னை ஃபெயில் என்றுதான் சொல்லும். அதைப் பார்த்து போர்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பை 5-ல் அந்த நூலகம் ஓடாது, அங்கே நாமே சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கணும்.

மூன்றாவது, அவுட்புட்டாக. பின்னை ஹை ஆக்கி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட்டு வோல்டேஜ் அளங்க. 3.3-க்குப் பக்கத்தில் நிற்கணும். லோடு இல்லாமல் சரியாக இருந்து, லோடு போட்டதும் தொப்பென்று விழுந்தால் அந்தப் பின் நோஞ்சான் ஆகிவிட்டது.

நான்காவது, இரண்டு பின்னை 1 கிலோ ஓம் வழியாக இணைத்து, ஒன்றை எழுத வைத்து இன்னொன்றைப் படிக்க வைப்பது. அப்புறம் மாற்றிப் போடுவது.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. ஒரு பின் அவுட்புட்டாகப் போயிருக்கும், இன்புட்டாக நன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் உள்ளே வேற வேற டிரான்சிஸ்டர். அந்த மாதிரி பின்னுக்கு மார்க்கரில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு, கோடில் பின் நம்பரை மாற்றினால் ப்ராஜெக்ட் ஓடும். ஆனால் சும்மா இருக்கும்போதே சிப் கொதிக்குது, 3.3 வோல்ட் லைன் கிரவுண்டோடு ஷார்ட் காட்டுது என்றால் அந்த போர்டை விட்டுடுங்க.

சின்னதாக ஒரு தூண்டல் கொடு, பதிலை அள, ஆரோக்கியமான ஒன்றோடு ஒப்பிடு. மல்டிமீட்டர் பண்றது இவ்வளவுதான். போஸ் கையால் பண்ணியதும் இதுதான்.

உலோகத்துக்குக் களைப்பு

டிடெக்டர்களை மாசக்கணக்கில் இப்படி அளந்துகொண்டே இருந்ததால்தான் வேற யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளாத ஒன்று போஸின் கண்ணில் பட்டது. தொடர்ந்து வேலை வாங்கினால் டிடெக்டரின் பதில் குறைந்துகொண்டே வருகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி பழையபடி. அந்த கிராஃபைப் பார்த்தால் தசை களைத்து மீள்கிற கிராஃப் மாதிரியே இருந்தது.

அவர் அங்கே நின்றிருந்தால் வாழ்நாள் முழுக்க ரேடியோ ஆளாகவே இருந்திருப்பார். நிற்கவில்லை. தகரம், பிளாட்டினம் என்று கம்பிகளை எடுத்தார். முறுக்கி, அதிரவைத்து, மின் பதிலைப் பதிவு பண்ணினார். திரும்பத் திரும்பப் பண்ணினால் களைப்பு. ஓய்வு கொடுத்தால் தெளிவு. ஆக்சாலிக் அமிலம் போட்டால் பதில் அடங்கியது. அப்புறம் செடிகளில் அதே சோதனை. 1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் இதைச் சொன்னார். 1902-ல் புத்தகமாக வந்தது.

1901-ல் லண்டனில் எதிர்ப்பு வெடித்தது. ராயல் சொசைட்டி கூட்டத்தில் பர்டன்-சாண்டர்சன், வாலர் என்ற பெரிய உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் சாரம். அவர் கட்டுரையை அச்சிடாமல் நிறுத்திவைத்தார்கள். சம்பளத்துக்கு மூணு வருஷம் காத்திருந்தவர் இதற்கு இன்னும் நீளமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

நேர்மையாகச் சொல்லணும்னா, உயிருள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவில் கோடே இல்லை என்கிற அளவுக்கு அவர் போன முடிவை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. கிராஃப் ஒரே மாதிரி இருப்பதால் காரணமும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனால் அவருடைய அளவீடு வேற, அவர் அதிலிருந்து எடுத்த தத்துவம் வேற. செடிகளில் மின் சிக்னல் ஓடுகிறது என்பது இன்று பாடம்.

நம்ம சிலிக்கானிலும் மூணு நிலை உண்டு. முதலாவது லாட்ச்-அப். சிப்புக்குள் வேண்டாத பாதை ஒன்று திறந்து பூட்டிக்கொள்ளும், பின் எதற்கும் பதில் சொல்லாது. உடனே பவரை முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால், கருகாமல் இருந்தால், எழுந்துவிடும். இது தூக்கம். இரண்டாவது, கேட் ஆக்சைடில் ஓட்டை விழுவது. எவ்வளவு ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. இது சாவு. மூன்றாவதுதான் பயங்கரமானது. ஸ்டாட்டிக் அடித்து பாதி பழுதான பின் எல்லா டெஸ்டிலும் பாஸ் ஆகி, ஆறு மாசம் கழித்து வாடிக்கையாளர் கையில் போய்ச் சாகும். மனுஷன் உடம்பில் ஸ்டாட்டிக் ஷாக் உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேணும். அதைவிடக் குறைவிலேயே சிப் அடிபடலாம். நமக்குத் தெரியவே தெரியாது.

தன்னையே டெஸ்டுக்கு விட்டவர்

1915-ல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு. 1917-ல் சர் பட்டம். அதே வருஷம் நவம்பர் 30, தன் 59-வது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்கே கண்டுபிடிப்பது எல்லாம் எல்லோருக்கும் பொது, காப்புரிமை கிடையாது என்று ஆரம்பத்திலேயே அறிவித்தார். செடி வளர்வதைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற கிரெஸ்கோகிராஃப் கருவியை அவர் அந்த வருஷங்களில் உருவாக்கியிருந்தார்.

மறுபடி சந்தேகம் வந்தது. அதே வாலர், லண்டன் டைம்ஸ் பத்திரிகையில், கருவி காட்டுவது நிஜ வளர்ச்சிதானா என்று கேட்டார். வேறொரு லேபில், நிபுணர்கள் முன்னால் செய்து காட்டட்டும் என்றார். போஸ் கோபித்துக்கொள்ளவில்லை, நழுவவும் இல்லை. 1920 ஏப்ரலில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கருவியை வைத்தார். பிராக் முதலானவர்கள் பார்த்துவிட்டு, கருவி சரியாகத்தான் அளக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே வருஷம் மே மாசம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கட்டுரையை நிறுத்திவைத்து 19 வருஷம் ஆகியிருந்தது.

எல்லாவற்றையும் டெஸ்ட் பண்றவர் தன் டெஸ்டரையும் டெஸ்டுக்குக் கொடுக்கணும். இப்போ அதைக் காலிபரேஷன் என்கிறோம், ஆடிட்டுக்கு முந்தின நாள் ஸ்டிக்கர் ஒட்டுறதோட முடிச்சுக்கிறோம்.

1937 நவம்பர் 23-ல், கிரிடியில் போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரத்தில் 79 வயது ஆகியிருக்கும்.

பச்சை லைட், சிவப்பு லைட்

நம்ம ரோடுக்கு வருவோம். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையமான ஜி.ஏ.ஆர்.சி-யில் வண்டிகளின் மின்காந்தப் பொருத்தத்தைச் சோதிக்க தனி லேப் இருக்கு. இந்த மாதிரி லேப்களில் அலையை அடிக்கப் பயன்படுகிற ஹார்ன் ஆன்டெனா, 24 சதுர அடி அறையில் பிறந்த சாமானின் வாரிசு. புது கார்களின் முன்னால் இருக்கிற 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், அவர் 60-ல் விளையாடியதற்குப் பக்கத்து வீடு.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி உள்ளே போனால் வாசலிலேயே மணிக்கட்டில் ஸ்ட்ராப், காலில் ஹீல் ஸ்ட்ராப், ரெண்டையும் சோதித்த பிறகுதான் கதவு. லைனில் போர்டு ஆணிப்படுக்கை மாதிரி ஒரு ஃபிக்ஸ்சரில் உட்காரும். நூற்றுக்கணக்கான ஸ்ப்ரிங் ஊசிகள் ஒரே சமயத்தில் தொட்டு, நாம் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பண்ணின அதே டையோடு சோதனையைச் சில வினாடியில் முடிக்கும். வெளியே தெரிவது பச்சை அல்லது சிவப்பு. ஆபரேட்டர் அக்காவுக்கும் அவ்வளவுதான் தெரியணும். டார்கெட் ஓடுது.

ஆனால் டெஸ்ட் இன்ஜினியர் என்று பேட்ஜ் மாட்டிக்கொண்டு போகிற நமக்கு அவ்வளவு போதாது. பச்சை வந்த போர்டிலும் ஒரு பின் மத்தவற்றைவிட 0.08 வோல்ட் குறைவாகக் காட்டியிருக்கலாம், லிமிட்டுக்குள் இருந்ததால் பாஸ். அது காலையிலிருந்து ஒரே ஸ்டேஷனில் இருபது போர்டில் வந்திருந்தால், அந்த ஸ்டேஷனின் கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கலாம். லைட் அதைச் சொல்லாது, கிராஃப் சொல்லும். சிவப்பு வந்த போர்டிலும், பழுது போர்டில் இல்லாமல் தேய்ந்துபோன ஒரு ஊசியில் இருக்கலாம். அதைக் கேட்காமல் நல்ல போர்டைக் குப்பையில் போடுகிற கைதான், வெளியே போகக்கூடாத போர்டையும் அனுப்பி வைக்கும்.

ஊருக்கும் இது பொருந்தும் போல. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி ஓட ஆரம்பித்தது, 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. அந்த இடம் அவ்வளவுதான் என்று எல்லோரும் எழுதினார்கள். சில வருஷம் கழித்து, மொபைல் சார்ஜர் செய்கிற சால்காம்ப் கம்பெனி அதே வளாகத்தை எடுத்துக்கொண்டது. வேலை இழந்தவர்களின் கஷ்டம் அதனால் ஒன்றும் இல்லாமல் போகாது. ஆனால் செத்துடுச்சு என்கிற வார்த்தையை நாம் எவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுகிறோம் என்று மட்டும் தெரியுது.

லேபில் யாராவது போர்டு செத்துடுச்சு என்று சொன்னால் மூணு கேள்வி கேளுங்க. எந்தப் பின்? எந்த டெஸ்ட்? பக்கத்துப் பின் எவ்வளவு காட்டுது? பதில் இல்லை என்றால் போர்டு இன்னும் சாகலை, யாரும் இன்னும் அளக்கலை, அவ்வளவுதான். ஒரு மல்டிமீட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அரை மணி நேரம். போஸிடம் இருந்ததைவிட இதுவே அதிகம்.